பாதுகாப்புக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்: எங்கே செலவிட்டால் நாடு வளரும்?

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) 3 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு கேட்பது புதிதல்ல. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த நான்கு நாள் மோதலுக்குப் பிறகு அந்தக் கோரிக்கைக்கு ஆதரவு கூடியிருக்கிறது. கூடவே ஒரு வாதமும் வலுப்பெற்றிருக்கிறது: பாதுகாப்புக்குப் போகும் பணம் முதலீடுதான், அதனால் ஆலைகள் வரும், வேலை வரும், ஏற்றுமதி வரும், ஆகவே வளர்ச்சியும் வரும் என்கிறார்கள்.

நாட்டுக்குக் காவல் தேவையா என்பதல்ல என் கேள்வி. இரண்டு எல்லைகளிலும் பகை இருக்கும் நாட்டுக்குப் படை வேண்டும். அதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் தேவையில்லை. ஆனால் வளர்ச்சியின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும்போது, அந்த வளர்ச்சி எந்தச் செலவில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தொகை சிறியதல்ல. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6,81,210 கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்தச் செலவில் இது 13.45 சதவீதம், அந்த பட்ஜெட் கணித்த ஜிடிபியில் ஏறத்தாழ 1.9 சதவீதம். இதை 3 சதவீதமாக உயர்த்த ஆண்டுக்கு இன்னும் 3.9 லட்சம் கோடி வேண்டும். அதே பட்ஜெட்டில் கல்வி அமைச்சகத்துக்குக் கிடைத்தது 1,28,650 கோடி. சுகாதாரத்துக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி. இரண்டையும் கூட்டினாலும் அந்தக் கூடுதல் தொகைக்குக் கிட்டே வராது.

எனவே இந்த முடிவை எடுப்பவர் முன்னால் இருக்கும் வழிகளைப் பிரித்துப் பார்ப்போம். கூடுதல் ரூபாய் படைவீரர்களின் ஊதியத்துக்குப் போகலாம். வெளிநாட்டு ஆயுதத்துக்குப் போகலாம். உள்நாட்டு ஆலைக்கோ, ஆய்வுக்கோ, எல்லைச் சாலைக்கோ போகலாம். பாதுகாப்புக் கணக்கில் சேராமல் பள்ளிக்கும் ரயிலுக்கும் போகலாம். ஒவ்வொன்றும் பொருளாதாரத்தில் வேறு வேறு வேலை செய்கிறது. 3 சதவீதம் என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

சதவீதத்தை வைத்து ஏன் தீர்மானிக்க முடியாது

1973-இல் எமில் பெனுவா என்ற பொருளாதார அறிஞர் 1950 முதல் 1965 வரையிலான காலத்தில் 44 வளரும் நாடுகளை ஆராய்ந்து, ராணுவச் செலவு அதிகமாக இருந்த நாடுகளில் வளர்ச்சியும் அதிகமாக இருந்தது என்று காட்டினார். ராணுவச் செலவு வளர்ச்சியைத் தின்றுவிடும் என்று நம்பியிருந்த துறையில் அது பெரிய அதிர்வு. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கைக் கிளறினார்கள். ராணுவத்துக்கு அதிகம் செலவிட்ட நாடுகள் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவியும் தாராளமாகக் கிடைத்திருந்தது. வளர்ச்சிக்குக் காரணம் துப்பாக்கியா, உதவிப் பணமா என்று பிரிக்க முடியவில்லை. வேகமாக வளரும் நாட்டிடம் ராணுவத்துக்குச் செலவிடவும் காசு இருக்கும் என்பதால், எது காரணம் எது விளைவு என்பதும் தெளிவாகவில்லை. அரை நூற்றாண்டு விவாதத்துக்குப் பிறகும் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி கிடைக்கவில்லை. அண்மைக்கால ஆய்வுகளில் பாதகமான விளைவு காண்பவை கூடுதல் என்பது மட்டும் சொல்லலாம்.

இந்தியாவின் சொந்த வரலாறும் அதையே காட்டுகிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு பாதுகாப்புச் செலவு இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்து, ஜிடிபியில் 4 சதவீதத்தை நெருங்கியது. அடுத்து வந்தவை 1965 போர், இரண்டு ஆண்டு வறட்சி, 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, ஐந்தாண்டுத் திட்டமே இல்லாத மூன்று ஆண்டுத் திட்ட விடுமுறை. வறட்சிக்கும் வெளிநாட்டு உதவி நின்றதற்கும் ராணுவத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கஷ்டகாலம் வந்தபோது கையில் மிச்சம் இல்லாமல் போனதற்கு அந்தச் செலவும் ஒரு காரணம். 1980-களிலோ பாதுகாப்புச் செலவும் கூடியது, வளர்ச்சியும் கூடியது. 1991-க்குப் பிறகு பாதுகாப்பின் பங்கு மெல்லக் குறைந்தது, வளர்ச்சி மேலும் உயர்ந்தது. மூன்று காலத்துக்கும் மூன்று கதைகள்.

பக்கத்து நாடு ஒன்றையும் பார்க்கலாம். பாகிஸ்தான் 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 20 சதவீதம் கூட்டியது. அதே பட்ஜெட்டில் அரசின் மொத்தச் செலவை 7 சதவீதம் குறைத்தது. கடன் வட்டியைத் தொட முடியாது, படையையும் தொட மாட்டார்கள் என்றால் வெட்டு வேறு எங்கே விழும் என்பது புரியும். வருமானம் வளராமல் பாதுகாப்பு மட்டும் வளர்ந்தால், பாதுகாப்புக்கு ஆதாரமான பொருளாதாரமே மெலிந்துபோகிறது.

ஊதியமும் ஓய்வூதியமும்

பாதுகாப்பு பட்ஜெட்டின் உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஓய்வூதியம். 2025-26-இல் 1,60,795 கோடி. ஆயுதம், விமானம், கப்பல் வாங்கும் மூலதன ஒதுக்கீடு மொத்தமே 1,80,000 கோடிதான்.

இந்தப் பணம் வீணாகிறது என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊரை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர். அப்படிப்பட்ட ஊர்களுக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் வீடாகிறது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகிறது, உள்ளூர்க் கடைக்காரரின் வியாபாரமாகிறது. மழை பொய்த்தாலும் அந்தப் பணம் வந்துவிடும். சிற்றூர்ப் பொருளாதாரத்துக்கு இது சாதாரண உதவி அல்ல. நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கொடுத்த வாக்கு என்பது அதைவிடப் பெரியது. அதில் கைவைக்கக் கூடாது.

ஆனால் வளர்ச்சி என்ற ஒரே அளவுகோலை வைத்தால், ஊதியச் செலவு நடுநிலையானது. தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் 2013 ஆய்வு ஒன்றில், அரசு மூலதனச் செலவாக ஒரு ரூபாய் போட்டால் பொருளாதாரத்தில் 2.45 ரூபாய் விளைகிறது என்றும், சம்பளம் போன்ற அன்றாட வருவாய்ச் செலவில் போட்டால் 0.99 ரூபாய் மட்டுமே என்றும் கணக்கிட்டார்கள். போட்டது திரும்புகிறது, பெருகவில்லை. அதைவிட முக்கியமானது, இந்தச் செலவை உயர்த்துவது எளிது, இறக்குவது கடினம் என்பது. இலங்கை இதற்குக் கண்முன் உள்ள சாட்சி. 2009-இல் போர் முடிந்தது. படையின் அளவோ பெரிதாகச் சுருங்கவில்லை. நாடு 2022-இல் திவால் நிலைக்கு வந்த பிறகுதான், 2 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த ராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை 2030-க்குள் 1 லட்சமாக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. போரில்லாத பதின்மூன்று ஆண்டுகளும் அந்தச் சம்பளம் ஓடிக்கொண்டே இருந்தது. வடக்கில் முகாம்களுக்காக எடுத்த விளைநிலங்களில் ஒரு பகுதி உரியவர்களுக்குத் திரும்பாமலே கிடந்தது. அந்த இழப்பு எந்த பட்ஜெட் அட்டவணையிலும் ஏறவில்லை, ஆனாலும் அது பாதுகாப்புச் செலவுதான்.

இந்தியா 2022-இல் கொண்டுவந்த அக்னிபத் திட்டம் இந்தச் சுமையைக் கட்டுப்படுத்தும் முயற்சியும்கூட. நான்கு ஆண்டுப் பணி, நால்வரில் ஒருவருக்கு மட்டும் நிரந்தர வாய்ப்பு, மற்றவர்களுக்குக் கையில் ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் இல்லை. கணக்கில் மிச்சம் பிடிக்கும். ஆனால் இருபத்து சொச்சம் வயதில் வெளியே வரும் இளைஞனுக்கு வேலை கிடைக்காவிட்டால் சுமை கருவூலத்திலிருந்து குடும்பத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அவர்களுக்குக் கைத்தொழில் சான்றிதழும் மாற்று வேலையும் உறுதி செய்யாமல் இதை வெற்றி என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டில் வாங்குவது

வளர்ச்சி நோக்கில் இதுதான் கடைசி இடம். காரணம் எளிது. ஜிடிபி கணக்கில் அரசு வாங்கிய விமானம் ஒரு பக்கம் கூடுகிறது, இறக்குமதி என்ற பெயரில் அதே தொகை மறுபக்கம் கழிகிறது. 2025 ஏப்ரலில் கடற்படைக்காக 26 ரஃபேல் விமானங்கள் வாங்க ஏறத்தாழ 63,000 கோடிக்கு ஒப்பந்தம் ஆனது. ஆயுதம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்ந்த விலைதான். ஆனாலும் விமானத்துக்கு 2,400 கோடி என்று வகுபடுகிறது. அந்தப் பணத்தால் உயரும் கூலியும் திறமையும் பெரும்பாலும் பிரான்சில் உயர்கின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விமானம் வாங்குவது பட்ஜெட்டில் மூலதனச் செலவு என்றே பதிவாகிறது. 2025-26-இல் மத்திய அரசின் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி என்று பெருமையாகச் சொன்னார்களே, அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பாதுகாப்பு மூலதனம். சாலை போட்டால் அதன் மீது லாரி ஓடும், லாரி சரக்கைச் சேர்க்கும், சரக்கு வியாபாரமாகும். போர் விமானம் கொட்டகையில் நிற்கும். நிற்பதே அதன் பணி, அதுவே வெற்றி. ஆகையால் 2.45 என்ற பெருக்கத்தை விமானத்துக்கும் சேர்த்துச் சொல்வது பிழை. அந்த எண் அரசின் மூலதனச் செலவு முழுவதற்கும் கணக்கிட்ட சராசரி.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. 2018-இல் ரஷ்யாவுடன் 5.43 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்ட எஸ்-400 போன்ற வான் பாதுகாப்பு அமைப்பை உள்நாட்டில் செய்து முடிக்கும்வரை எல்லை காத்திருக்காது. அந்தச் செலவைக் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியமாக எண்ணிக்கொள்ளலாம்: தேவையானது, லாபம் தராதது, தேவைக்கு மேல் ஒரு பைசாகூட கட்டக் கூடாதது. அதை வளர்ச்சித் திட்டம் என்று விற்பதைத்தான் ஏற்க முடியாது.

உள்நாட்டில் செய்வது

இங்கேதான் விவாதம் சூடாக இருக்கிறது, நம்பிக்கையும் அதிகம். 2024-25-இல் உள்நாட்டுப் பாதுகாப்பு உற்பத்தி 1,50,590 கோடியைத் தொட்டது. 2013-14-இல் 686 கோடியாக இருந்த ஏற்றுமதி 2024-25-இல் 23,622 கோடி ஆனது. பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை, ஆர்மீனியாவுக்கு பினாகா ராக்கெட் அமைப்பு. உண்மையான முன்னேற்றம் இது. ஆனால் அளவு தெரிந்து மகிழ வேண்டும். மொத்தப் பாதுகாப்பு உற்பத்தியும் சேர்ந்து நாட்டின் ஜிடிபியில் அரை சதவீதத்துக்கும் குறைவு. இதை இரு மடங்காக்கினாலும் நாட்டின் வளர்ச்சியைத் தூக்கி நிறுத்தும் தூணாகாது. தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டு விண்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை, பத்தாண்டுகளில் 75,000 கோடி முதலீட்டையும் 1 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் எண்ணிக்கையில் வேலை வேண்டும் என்றால் தோல் காலணி ஆலையும் செல்பேசி ஆலையும் இதைவிடக் குறைந்த முதலீட்டில் அதிகம் பேரை அமர்த்தும். பாதுகாப்பு உற்பத்தியின் பலன் எண்ணிக்கையில் இல்லை, கைத்திறனில் இருக்கிறது.

அந்தக் கைத்திறன் எப்படி வளர்கிறது, எங்கே முறிகிறது என்பதைக் கோவையில் பார்க்கலாம். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனைகளைக் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கியது. கோவையில் பம்புக்கும் ஜவுளி இயந்திரத்துக்கும் பாகம் செய்து பழகிய பட்டறைகள் ஏராளம். அப்படியொரு பட்டறைக்கு விமானத்தில் பொருத்தும் ஒரு சிறிய தாங்கி செய்ய ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். பார்வைக்கு உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு. டிராயிங்கில் குறித்திருக்கும் அளவு மைக்ரான் கணக்கில் இருக்கும். அதற்கேற்ற, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் வாங்க வேண்டும், அளந்து பார்க்கும் கருவி வேண்டும், குளிரூட்டிய அளவீட்டு அறை வேண்டும். உலோகக் கட்டி எந்த உருக்காலையில் எந்த வார்ப்பில் வந்தது என்ற சான்றிதழ் வேண்டும். முதல் துண்டு ஆய்வில் தேற வேண்டும், தேறாவிட்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து. எல்லாம் முடிந்து சரக்கு போனால் பணம் வரும்வரை ஓவர்டிராஃப்ட் வட்டி ஓடும். இவ்வளவுக்கும் ஆர்டர் சில நூறு துண்டுகள். அடுத்த ஆர்டர் எப்போது என்று சொல்ல ஆளில்லை.

இத்தகைய தொழில்முனைவோரிடம் பேசினால் மானியத்தை விடத் தொடர்ச்சியைத்தான் கேட்கிறார்கள். ஆர்டர் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆண்டுதோறும் வரட்டும் என்கிறார்கள். கார் உதிரிபாகத் தொழிலில் மாதாமாதம் அட்டவணை வந்துவிடும், அதை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம், ஆள் எடுக்கலாம். பாதுகாப்பில் அது இல்லை. குறைந்த விலைக்காரருக்கே டெண்டர் என்ற எல்-1 முறையில், ஒருமுறை தரம் நிரூபித்தவருக்கு அடுத்தமுறை நிச்சயம் எதுவும் கிடையாது. இயந்திரத்தின் கடன் மட்டும் மாதம் தவறாமல் நிற்கிறது.

பெரிய ஆலைகளுக்கும் இதே நிலை வருகிறது. தென்கொரியத் தொழில்நுட்பத்தில் குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி செய்த கே-9 வஜ்ரா பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் போட்ட ஒப்பந்தத்தின் 100 பீரங்கிகளையும் 2021 பிப்ரவரிக்குள் கொடுத்து முடித்தார்கள். அடுத்த 100 பீரங்கிகளுக்கு 7,629 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பரில். இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அதே பீரங்கியைச் சொந்த நாட்டில் தொடர்ந்து செய்துவந்த தென்கொரியா அதற்குள் போலந்துக்குப் பெரும் எண்ணிக்கையில் விற்றுக்கொண்டிருந்தது. தொழிலாளி பிரிந்து போகாமல், துணைப் பட்டறை மூடாமல் வைத்திருப்பதுதான் அவர்களுடைய ரகசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறிவு எஞ்சின். ஆவடியில் செய்யும் அர்ஜுன் டேங்க் திட்டம் 1974-இல் தொடங்கியது. அதன் எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு. 118 மேம்படுத்திய அர்ஜுன் டேங்குகளுக்கு 2021 செப்டம்பரில் 7,523 கோடி ஆர்டர் கிடைத்தபோதும் எஞ்சினுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸின் கதையும் அதுவே. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடம் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது வந்தது 2025 மார்ச்சில். பெங்களூரில் விமானத்தின் உடல் தயாராக, எஞ்சினுக்காகக் காத்திருந்தார்கள். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற முத்திரைக்குக் கீழே, விலையில் பெரும்பங்கும் அறிவில் பெரும்பங்கும் வெளியில் இருந்தால், வளர்ச்சியும் அந்த அளவுக்கு வெளியில்தான்.

ஆய்வு

1989-இல் தேஜஸுக்காக காவேரி எஞ்சின் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை. 2008-இல் தேஜஸிலிருந்து காவேரியைப் பிரித்துவிட்டார்கள். தோல்வி என்று எழுதி முடிக்கப்பட்ட கதை. ஆனால் அதற்கு மூன்று பத்தாண்டுகளில் செலவானது ஏறத்தாழ 2,000 கோடி. பழைய ரூபாயின் மதிப்பு வேறு என்பதை ஒத்துக்கொண்டே சொல்கிறேன்: இன்று ஒரு கடற்படை ரஃபேலுக்கு வகுபடும் தொகையைவிட அது குறைவு. அவ்வளவு சிறிய பணத்தில், உயரத்தில் வைத்துச் சோதிக்கப் போதிய வசதிகூட உள்நாட்டில் இல்லாமல், சோதனைக்கு ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், உலகில் நான்கைந்து நாடுகளுக்கு மட்டுமே கைவந்த வித்தையைக் கற்றுக்கொள்ளச் சொன்னோம்.

இன்றும் நிலை பெரிதாக மாறவில்லை. 2025-26-இல் அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓவுக்கு ஒதுக்கியது 26,817 கோடி. பாதுகாப்பு பட்ஜெட்டில் 4 சதவீதத்துக்கும் கீழே. அமெரிக்கா தன் பாதுகாப்பு பட்ஜெட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை ஆய்வுக்கும் சோதனைக்கும் தருகிறது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டும் ஜிபிஎஸ்ஸும் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தன. ராணுவச் செலவு பொருளாதாரத்தை மாற்றியது என்று உலகில் காட்டக்கூடிய சான்றுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆய்வில் போடும் ரூபாய் வீணாகும் வாய்ப்பு அதிகம், விளைய இருபது ஆண்டுகள் ஆகலாம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விளைந்தால் அது ராணுவத்தோடு நிற்பதில்லை. அதிவெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவை செய்யத் தெரிந்த நாடு மின்நிலையத்தின் கேஸ் டர்பைனும் செய்யும். 2024 மார்ச்சில் மைசூரில் பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல் ஆலையில் 1,500 குதிரைத்திறன் கொண்ட டேங்க் எஞ்சின் முதன்முறை சோதனை ஓட்டம் ஓடியது. அந்த எஞ்சினை உருவாக்கியவர்கள் கற்றது சுரங்க இயந்திரத்துக்கும் பயன்படும் அறிவு.

எல்லைச் சாலை

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் வழி இது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான்.

இமாச்சலத்தில் ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்தில் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-இல் திறந்தது. லடாக் எல்லைக்குப் படையையும் சரக்கையும் கொண்டுபோவதற்காக எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டியது. செலவு 3,200 கோடி அளவில். மணாலிக்கும் லேவுக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைந்தது. ஆனால் மணாலியிலிருந்து போனால் சுரங்கத்தின் மறுமுனையில் லாஹௌல் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் விளையும் இடம். முன்பெல்லாம் பனி விழுந்தால் ஆண்டில் ஐந்தாறு மாதம் அந்தப் பள்ளத்தாக்கு வெளியுலகத்திலிருந்து துண்டித்துக் கிடக்கும். கடைசி அறுவடையைக் கணவாய் மூடுமுன் ஏற்றிவிட வேண்டும், நோயாளிக்கு ஹெலிகாப்டர் வரும் நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சுரங்கம் வந்த பிறகு காய்கறி லாரி குளிர்காலத்திலும் இறங்குகிறது, சுற்றுலாப் பயணி மேலே ஏறுகிறார், நோயாளி அன்றே குல்லு மருத்துவமனை போய்ச் சேர்கிறார். ராணுவத்துக்கு ஒதுக்கிய அதே ரூபாய் விவசாயிக்கும் உழைக்கிறது. 2024 மார்ச்சில் திறந்த, அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங்குக்கு எந்தப் பருவத்திலும் வழிவிடும் சேலா சுரங்கமும் இந்த இனம்தான். அதன் செலவு 825 கோடி.

இரண்டு சுரங்கங்களின் செலவையும் கூட்டினால் 4,000 கோடியைச் சற்றுத் தாண்டும், மேலே சொன்ன கணக்கில் இரண்டு ரஃபேல் விமானங்களின் விலைகூட இல்லை. 2025-26-இல் எல்லைச் சாலைகள் அமைப்பின் மூலதன ஒதுக்கீடு 7,146 கோடி. மொத்தப் பாதுகாப்பு பட்ஜெட்டில் நூற்றில் ஒரு பங்குதான். இமயத்தில் சாலை போடுவதற்கு வரம்பு உண்டு, மலை சரிவதும் ஆறு பெருகுவதும் கணக்கில் வர வேண்டும், கண்மூடி வெட்டிக்கொண்டே போகக் கூடாது. அந்த வரம்புக்குள்ளும் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

என் தேர்வு

பணத்தைப் பாதுகாப்புக் கணக்கிலேயே சேர்க்காமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ரயிலுக்கும் தந்தால் வளர்ச்சி இன்னும் கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாக்குதல் பயம் இருக்கும் இடத்தில் முதலீடு வராது என்பதும் உண்மை. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் விடுதிகள் காலியானதைப் பார்த்தோம். ஆகவே பூஜ்யம் என்பது தேர்வல்ல. அதேபோல 3 சதவீதமும் தேவையற்ற இலக்கு. இதற்கு வலுவான சான்று அமைச்சகத்தின் சொந்தக் கணக்கிலேயே கிடைக்கிறது. 2024-25-இல் மூலதனத்துக்கு 1,72,000 கோடி ஒதுக்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாகக் குறைந்தது. 12,500 கோடியைச் செலவிட முடியவில்லை. ஒப்பந்தம் தாமதமாகிறது, சோதனை தாமதமாகிறது, எஞ்சின் வரவில்லை, மார்ச் 31 வந்ததும் பணம் கருவூலத்துக்குத் திரும்புகிறது. இருக்கும் பணத்தையே செலவிடத் திணறும் முறையில் மேலும் 3.9 லட்சம் கோடியைக் கொட்டினால், சீக்கிரம் செலவாகக்கூடிய இரண்டு வழிகளுக்கே அது ஓடும்: சம்பளம், இறக்குமதி. வளர்ச்சிக்கு மிகக் குறைவாக உதவும் வழிகள் அவைதான்.

எனவே பாதுகாப்பின் பங்கை 2 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பொருளாதாரம் வளர வளரத் தானாகக் கூடும் தொகையை வேறு திசையில் திருப்புவதுதான் நான் ஆதரிக்கும் முடிவு. ஜிடிபி ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்ந்தால் பங்கு மாறாமலே ஏறத்தாழ 68,000 கோடி கூடுதலாகக் கிடைக்கும். ஓய்வூதிய உயர்வும் ஊதிய உயர்வும் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் முதல் பங்கு ஆய்வுக்கு: டிஆர்டிஓவின் ஒதுக்கீட்டை ஐந்தாண்டில் இரு மடங்காக்க இது போதும், அதில் ஒரு பகுதி தனியார் பட்டறைகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் நேரடியாகப் போக வேண்டும். அடுத்தது எல்லைச் சாலைகள். உள்நாட்டுக் கொள்முதலில் தொகையை உயர்த்துவதற்கு முன் முறையை மாற்றலாம். தரம் நிரூபித்த சிறு பட்டறைக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமும் 45 நாளில் பணமும் உறுதியானால், அதே ரூபாய் இரண்டு மடங்கு வேலை செய்யும். இறக்குமதி அவசரத் தேவைக்கு மட்டும்.

ஆண்டு முடிவில் காலாவதியாகாத நிதி ஒன்றும் வேண்டும். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கும் 2,38,354 கோடியில் அப்படியொரு நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. கொள்கையளவில் ஏற்றுக்கொண்டதோடு அது நின்றது.

இந்தத் தேர்வு சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: சீன எல்லையில் நிலைமை இப்போதுள்ளபடி தொடர வேண்டும். 1962 போலவோ 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்ததைவிடப் பெரிதாகவோ ஒன்று வந்தால் 3 சதவீதம் என்ன, அதற்கு மேலும் செலவிட வேண்டிவரும். அப்போது வளர்ச்சியைப் பற்றிய எந்த வாதமும் எடுபடாது, எடுபடவும் கூடாது.

அதுவரை, அடுத்த பட்ஜெட் வரும் நாளில் மொத்தத் தொகை எத்தனை லட்சம் கோடி என்ற தலைப்புச் செய்தியைத் தாண்டி மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள்: சென்ற ஆண்டின் மூலதன ஒதுக்கீட்டில் செலவானது எவ்வளவு, டிஆர்டிஓவின் பங்கு கூடியதா, எல்லைச் சாலைகளுக்கு எவ்வளவு. கூடவே எஞ்சினையும் கவனியுங்கள். பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து போர் விமான எஞ்சினை இந்தியாவிலேயே தயாரிக்கும் முயற்சியைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். அந்த ஒப்பந்தத்தில் எஞ்சினின் வெப்பமான உட்பகுதியைச் செய்யும் தொழில்நுட்பம் நமக்குக் கிடைக்கிறதா, அதற்குப் பத்தாண்டுக்கு வெட்டுப்படாத பணம் உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.